வயலை விற்றுக் காற்றை வாங்கியவன்

தோவாளையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காற்றுக்குப் பஞ்சம் வந்ததில்லை. மேற்கே கடலில் புறப்பட்டு, நாஞ்சில் நாட்டு வயல்களையெல்லாம் தடவிக்கொண்டு வருகிற காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைவதற்கு முன்னால் தோவாளையில் நின்றுதான் முண்டாசை இறுக்கிக் கட்டும். ஆனி, ஆடியில் கொடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்த் தேட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் பத்து மரக்கால் விதைப்பாட்டு வயலை விற்று, இரும்புச் சிலிண்டரில் அடைத்த காற்றை வாங்கி வந்தான் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

வாங்கி வந்தவன் பெயர் பகவதியப்பன். அப்பா காலமான மறு வருஷம், அண்ணன் தாணுவும் அவனும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. வயலில் இறங்கினால் வேலை செய்யாதவன் இல்லை. ஆனால் வரப்பில் நின்று பயிரைப் பார்க்கும்போது மற்றவர்களுக்கு முகத்தில் வருகிற ஒரு நிறைவு அவனுக்கு வந்ததே இல்லை. நெல் தன்பாட்டுக்கு விளைகிறது, நாம் கூட நிற்கிறோம் என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

பாகம் பிரித்த கையோடு ஒரு கல்யாணத்துக்காகக் கொல்லத்துக்குப் போனான். ரயிலடிக்கு எதிரே ஒரு சோடாக் கடை. கடைக்காரர் பச்சைக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மிஷினின் மரக்கூட்டுக்குள் பூட்டி, சக்கரத்தைச் சுற்றினார். குப்பிக்குள் கோலி கிடந்து உருண்டது. நிறுத்தி எடுத்து, கோலியைக் கட்டைவிரலால் தட்டி உள்ளே தள்ளியபோது ஒரு சீறல். பிறகு அடியிலிருந்து நூல் நூலாகக் குமிழ்கள். வெறும் தண்ணீராக உள்ளே போனது உயிரோடு வெளியே வந்ததைப் போலிருந்தது. பகவதியப்பன் கல்யாண வீட்டு விருந்தை மறந்து அங்கேயே நின்றான். நான்கு சோடா குடித்தான். ஊருக்கு வந்த மறுநாளே வயலுக்கு ஆள் பார்த்தான்.

தாணு ஒரு சொல்லும் குறைக்காமல் பேசிப் பார்த்தார். "ஏலே, சும்மா அடிக்க காத்தையா வெலகொடுத்து வாங்கப் போறே? வயலு வருசத்துக்கு ரெண்டு பூ நெல்லு வெளையும். காத்து என்னத்தை வெளையும்?" என்று கேட்டார். தம்பி வயலுக்கு விலை பேசப் போய்விட்டான். பதில் சொல்லியிருந்தாலும் அது அண்ணனுக்குப் புரிகிற பதிலாக இருந்திருக்காது.

அப்படித்தான் 'வயலை விற்றுக் காற்றை வாங்கியவன்' என்ற பெயர் வந்தது. பெரிய ரோட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஓர் அறை, முன்னால் ஓலைச் சாய்ப்பு. உள்ளே மிஷின். பின்னால் கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் தோவாளையிலேயே தித்திப்பானது. அவன் மனைவி அழகியநாயகி வெள்ளமடத்துப் பக்கம் பிறந்தவள். சீனிப்பாகு காய்ச்சுவதிலும் குப்பி கழுவுவதிலும் அவள் கைக்கு ஒரு கணக்கு இருந்தது. விடியற்காலையில் பூப்பறிக்கிறவர்கள் பிச்சிப்பூக் கூடைகளோடு ரோட்டுக்கு வரும்போது இவர்கள் கடையில் கோலி உருளுகிற சத்தம் கேட்கும். முதல் வருஷம் சிரித்தவர்கள் இரண்டாம் வருஷம் குடித்தார்கள். மூன்றாம் வருஷம், பூதப்பாண்டியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார்கூட, தோவாளைச் சோடா இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மிஷின் ஓடும்போது பகவதியப்பனைப் பார்க்க வேண்டும். முகத்துக்குக் கம்பிவலை மூடி, இரண்டு கையிலும் முழங்கைவரை சாக்குத்துணி சுற்று. குப்பி வெடிக்கக்கூடியது, சோடாக்காரனுக்கு அது பாம்பாட்டிக்குப் பாம்பைப் போல. அவன் சக்கரத்தைச் சுற்றும்போது தலை லேசாகச் சாய்ந்திருக்கும். முதலில் தண்ணீர் சலசலவென்று குரல் கொடுக்கும். காற்று ஏற ஏறக் குரல் கனக்கும். பிறகு ஒரு நொடி, தண்ணீரும் காற்றும் ஒன்றாகிவிட்டதைப்போல ஓர் அடங்கல். அந்த இடத்தில் கை தானாக நிற்கும். நாம் ஏதோ செய்கிறோம் என்ற எண்ணம் அவனுக்கு வாழ்க்கையில் முதலில் வந்தது அந்த அடங்கலில்தான்.

அந்த வருஷம், 1953, மாசியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. இருபது டஜன் சோடா கேட்டிருந்தார்கள். இரண்டு நாளாக இடைவிடாமல் சுற்றினான். கொடையன்று உச்சிப்பொழுதுக்குக் கடைசிப் பெட்டியின் கடைசிக் குப்பி மிஷினில் இருந்தபோது வெடித்தது. சத்தம் கேட்டு அழகியநாயகி கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். இடது கண்ணைப் பொத்திய விரல்களுக்கிடையில் ரத்தம் வடிந்தது. சக்கரம் அப்போதும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தான். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குப்பி கேடு என்றார்கள் சிலர். மூன்று வருஷமாக ஊர்க்கண் முழுக்க உன்மேல்தான் இருந்தது, அதுதான் தட்டிவிட்டது என்றார்கள் சிலர். பகவதியப்பன் எல்லாவற்றுக்கும் தலையசைத்தான். குப்பி கேடு என்று அவனும் சொன்னான். சொல்லச் சொல்ல அது நடந்ததைப் போலவே ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது பங்குனி வெயில். ஒற்றைக் கண்ணுக்கு உலகம் தட்டையாகத் தெரிந்தது. செம்பை எடுக்கப் போனால் கை செம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கும். தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்கு வெளியே விழும். போன கண்ணில் இருட்டு இருக்கும் என்று நினைத்திருந்தான், இருட்டாக இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. அதில் சில சமயம் அடியிலிருந்து சின்னச் சின்ன வெளிச்சங்கள் கிளம்பி மேலே போய் மறைந்தன. சோடாக் குமிழ்களைப் போல. வைத்தியர் அது கொஞ்ச நாளில் சரியாகும் என்றார். அவனோ அது போய்விடக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

காலையில் குளித்து, திருநீறு பூசி, கடையைத் திறந்துவிடுவான். கூட்டிப் பெருக்குவான். மிஷின்மேல் போர்த்திய சாக்கைத் தட்டி மறுபடியும் போர்த்துவான். பிறகு சாய்ப்பில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். சோடா கேட்டு வந்தவர்களிடம் ரப்பர் வளையம் ஊறிப்போய்விட்டது என்றான். இரண்டு வாரம் கழித்துச் சிலிண்டர் வரவில்லை என்றான். சிலிண்டர் வந்து கதவோரம் நின்ற பிறகு, கோடையில் கிணற்றுத் தண்ணீர் கனத்துக் கிடக்கிறது, ஒரு மழை பெய்யட்டும் என்றான். வைகாசிக் கடைசியில் மழையும் பெய்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அழகியநாயகி சாய்ப்பின் ஓரத்தில் ஒரு பழக்குலையைத் தொங்கவிட்டு, மோரும் எலுமிச்சை பிழிந்த நாரங்காத் தண்ணியும் விற்று அடுப்பை எரியவைத்தாள்.

ஆனால் பகவதியப்பன் சும்மா இருந்தான் என்று சொல்லிவிட முடியாது. பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒரு பெரிய சோடாத் தொழிற்சாலையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் காற்று விழுந்து, பூந்தோட்டங்களிலிருந்து பிச்சி வாசம் தரையோடு தரையாக ஊர்ந்து வரும். அவன் நல்ல கண்ணை மூடிக்கொள்வான். சாம்பல் நிறத்தில் குமிழ்கள் கிளம்பும். குமிழ்களுக்கு நடுவே ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம் எழும்பும். உள்ளே வரிசையாக நான்கு மிஷின்கள். சிமெண்டுத் தொட்டியில் பத்துப் பெண்கள் குப்பி கழுவுகிறார்கள். அவர்கள் பேச்சும் சிரிப்பும்கூடக் காதில் விழும். வாசலில் நீல எழுத்துப் போட்ட லாரி. அது பெட்டிகளோடு கிளம்பித் திருவட்டாற்றுக் கோயில் வாசலுக்குப் போகிறது. அங்கே திருவிழாக் கூட்டம். மறுநாள் கீரிப்பாறை மலைக்கு ஏறுகிறது. ரப்பர் பால் வெட்டி முடித்த ஆட்கள் மரத்தடியில் காத்து நிற்கிறார்கள். லாரி மூடுபனிக்குள் போகும், குப்பிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். எவ்வளவு சுற்றினாலும் அந்த மிஷின்களில் ஒரு குப்பியும் வெடிக்காது.

சாப்பிடும்போது அதையெல்லாம் அழகியநாயகியிடம் சொல்வான். லேபிளில் என்ன நிறம் போடலாம் என்று கேட்பான். மரச்சீனிக் கிழங்கும் துவையலும் தட்டில் ஆறிப்போகும். அவன் வாய் திறந்து பேசுகிறானே என்று முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளும் தன் பங்குக்கு லாரிக்கு ஒரு பெயர் சொன்னாள். நாள் போகப் போகத்தான் ஒன்று புரிந்தது. இல்லாத நான்கு மிஷினும் ஓடுகின்றன, இருக்கிற ஒன்று நிற்கிறது. அந்த நான்கும் ஓடுகிறவரைக்கும் இது நிற்கும்.

ஒருநாள் அவன் ஐந்தாவது மிஷின் போட இடம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள், "அஞ்சு எனக்கு வேண்டாம். இன்னா நிக்கிய ஒண்ணு சுத்தினா போரும்."

அவன் தட்டில் கையை உதறிவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு கனவைப் பற்றி அவளிடம் பேசவில்லை. காண்பது மட்டும் நிற்கவில்லை.

ஆனி பிறந்தது. காற்று மறுபடி முண்டாசு கட்டியது. தாணு ஒரு காலையில் வந்து தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். இந்தத் தடவை ஏசவில்லை. அதுதான் பகவதியப்பனைக் கலக்கியது. மிஷினை விற்றுவிடு, கன்னிப்பூச் சாகுபடிக்கு வயல் வேலையைக் கூட நின்று பார், ஒரு வயிற்றுக்கு நெல் நம் வீட்டில் இல்லாமலா போகும் என்று மெதுவாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒருவன் மிஷின் தேடிக்கொண்டிருக்கிறானாம். பகவதியப்பன் சரி என்றான். அழகியநாயகியும் சரி என்றாள். அந்தச் சாக்கை விலக்கிப் பார்க்க அவளுக்கும் தைரியம் இல்லை.

வந்தவன் பெயர் ராஜையன். இறச்சகுளத்துக்காரன். கீரிப்பாறை மலைப் பக்கம் எட்டு வருஷம் ரப்பர் பால் வெட்டியவன். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் மரமாக மலைச்சரிவில் ஏறி இறங்கியதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி சொந்தமாக ஒரு தொழில், அதுவும் நிழலில் நின்று செய்கிற தொழில் வேண்டும் என்று வந்திருந்தான். மலையிலிருந்து ஒரு சீப்பு ஏத்தன்பழம் கொண்டுவந்து அழகியநாயகியிடம் கொடுத்தான். பகவதியப்பன் சாக்கை விலக்கியதும் மிஷினை அருகில் போய்ப் பார்க்காமல் நாலடி தள்ளியே நின்றான். அவன் கண்ணில் இருந்ததைப் பகவதியப்பனுக்கு அடையாளம் தெரிந்தது. கொல்லத்து ரயிலடியில் நாமும் அப்படித்தான் நின்றிருப்போம் என்று நினைத்தான்.

விலை பேசி முடிந்தது. ராஜையன் ஒன்று மட்டும் கேட்டான். "ஒரு நாளு கூட நின்னு சொல்லித் தரணும் அண்ணாச்சி. எனக்கு இதுக்கத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது." நியாயமான பேச்சு. மறுக்க வழியில்லை.

ஆடி முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. மலைமேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அதன் ஈரம் காற்றில் ஏறி ரோடு வரைக்கும் வந்தது. பகவதியப்பன் கம்பிவலை முகமூடியை ராஜையனுக்கு மாட்டி, சாக்குத்துணியைத் தானே சுற்றிவிட்டான். பிறகு வாசல்படிக்கு வெளியே போய், மிஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னான். தண்ணீர் கழுத்துவரை வேண்டாம், முக்கால் போதும். குப்பியைப் பூட்டு. மரக்கூட்டின் மூடியைப் போடு. வால்வை நூல் அளவு திற. சுற்று.

கோலி உருண்டது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். பகவதியப்பன் கையிரண்டையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டான்.

"வேகம் வேண்டாம் வே. இன்னும் சுத்தும். தண்ணி சலம்புகுல்லா, அது நிக்கணும். இன்னும். இன்னும் நாலு சுத்து. இப்ப நிறுத்தும்."

ராஜையன் நிறுத்தினான். குப்பியை எடுத்து வந்து காட்டினான். கோலி கழுத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. திரும்பியே பார்க்காமல் எப்படி அண்ணாச்சி சொன்னிய என்று அவன் ஆச்சரியப்பட்டான். பகவதியப்பனுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. கண்ணால்தான் தொழில் செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்திருந்தான். கண்ணுக்கு அதில் பெரிய வேலை ஒன்றும் இருந்ததில்லை.

பத்துப் பன்னிரண்டு குப்பி ஆயிற்று. ராஜையனுக்குக் கை பழகிவிட்டது. சீட்டியடித்துக்கொண்டே சுற்றினான். பகவதியப்பன் மெல்லத் திரும்பி உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினான். அழகியநாயகி கிணற்றடியில் குப்பி கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது ராஜையன் அடுத்த குப்பியைப் பூட்டி, வால்வைத் திறந்துவிட்டு, முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டான்.

"மூஞ்சியிலே போடும் வே" என்றான் பகவதியப்பன்.

"வேர்த்து வடியுகு அண்ணாச்சி. ஒண்ணும் தெரியல்ல. இந்த ஒண்ணுதானே, சுத்திருகேன்."

பகவதியப்பன் எழுந்தது அவனுக்கே தெரியாது. படியைத் தாண்டி இரண்டு எட்டில் உள்ளே போய், சுற்றுகிற சக்கரத்தை வெறுங்கையால் பிடித்து நிறுத்தினான். வால்வை மூடினான். மரக்கூட்டுக்குள் குப்பி தலைகீழாக நின்றது. அழகியநாயகி கையில் குப்பியோடு பின்வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"இதே வாக்குத்தான்" என்றான் பகவதியப்பன். "இந்த ஒண்ணுதானேன்னுதான் நானும் நெனச்சேன். கேளும் ராஜையன். எனக்கக் கண்ணு போனது குப்பி கேடுன்னு ஊருக்குள்ள சொல்லுகாவ. குப்பி கேடுதான். ஆனா கேடுன்னு எனக்குத் தெரியும். முடி மாதிரி ஒரு கீறு உண்டும் அதுல. அந்த வாரத்துல ரெண்டு மட்டம் நானே அதைத் தனியா எடுத்து மாத்தி வச்சேன். கடைசிப் பெட்டிக்கு ஒரு குப்பி கொறஞ்சுது. அதை எடுத்துக் கழுவிப் பூட்டினேன். மூஞ்சியிலே வலையும் இல்ல. வேர்க்குன்னு கழத்தி ஆணியிலே மாட்டிட்டேன். மூணு வருசமா ஒண்ணும் வெடிக்கல்ல பாத்துக்கிடும், நமக்கு இனி ஒண்ணும் வராதுன்னு ஒரு இது. மிஷின் ஒரு குத்தமும் செய்யல்ல. ஊருக்கண்ணும் இல்ல. நான் செய்ததுதான்."

ராஜையன் முகமூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். சாக்குத்துணியை மெதுவாகப் பிரித்தான். "எனக்கு மூணு பிள்ளையளு உண்டும் அண்ணாச்சி" என்றான் கடைசியில். "மலையிலே அட்ட கடிக்கும். அது கொஞ்சம் ரத்தத்தோட விட்டுரும். நான் வீட்டுல யோசிச்சுட்டு வாறேன்." யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போகிறவர்கள் வருவதில்லை என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும். அவன் மழைச்சாரலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய் நின்றான். நல்ல மனுஷன். பஸ் ஏறும்போதும் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

அழகியநாயகி குப்பியைக் கீழே வைத்தாள். "நல்லா வித்திய" என்றாள்.

"சொல்லாம எப்படிட்டி இருக்கது? அவன் வலையைத் தூக்கிட்டான்."

"சொன்னதுக்கு இல்ல. இப்பமாவது சொன்னியளே." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். "எனக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னைக்கு உங்களைக் காளவண்டியிலே ஏத்துன பொறவு ஒரு துணி எடுக்கதுக்கு உள்ள வந்தேன். வலை ஆணியிலே தொங்கிட்டு இருந்து. தொட்டுப் பாத்தேன், ஒரு பொட்டு ரத்தம் இல்ல. எனக்கு விளங்கிட்டு. யாரும் வந்து பாத்துரண்டாம்னு அதை எடுத்துச் சக்கரத்துக்குக் கீழ போட்டேன். உங்க அண்ணாச்சி வந்து பாத்துட்டு, வலை போட்டும் இப்படி ஆயிட்டேன்னு அழுதாரு. நான் வாயைத் தொறந்து மிண்டல்ல. பொய் நீங்க மட்டும் சொல்லல்ல."

சாய்ப்பு ஓலையைக் காற்று தூக்கித் தூக்கி அடித்தது. ஐந்து மாதமாக அவள் நாரங்காத் தண்ணி கலக்கியதும், லாரிக்குப் பெயர் சொன்னதும் எல்லாம் இப்போது பகவதியப்பனுக்கு வேறு விதமாகத் தெரிந்தன.

"ஏன்பிள்ளே ஒரு வாக்கு கேக்கல்ல?"

"கேட்டா இல்லன்னு சொல்லிருப்பிய. பொறவு நமக்குள்ள அதுவும் ஒண்ணு கெடந்து நாறும்." ராஜையன் பிரித்துப் போட்ட சாக்குத்துணியை எடுத்து மடித்தாள். "அதுவும் இல்ல. ஊருல அண்ணாச்சிமாரு எல்லாம் இவன் மிஷினுக்குப் பயப்படுகான்னு நெனைக்காவ. நீங்க மிஷினுக்குப் பயப்படல்ல. இந்தக் கையி இன்னும் ஒருக்கா அப்படிச் செய்யுமோன்னுல்லா பயப்படுகிய. அதுக்கு நான் என்ன சொல்லுவேன்? செய்யாதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

செய்யாது என்று அவள் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான். செய்யக்கூடும் என்பதுதான் உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவன் யோசித்தான். ஐந்து மாதத்தில் முதல்முறையாகக் கண்ணை மூடிக்கொள்ளாமல் யோசித்தான். பிறகு எழுந்து, வீட்டில் இருக்கிற குப்பிகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னான்.

கொடைக்குப் போய்த் திரும்பி வராதது போக இருநூற்றுப் பத்துக் குப்பி இருந்தது. காற்றுச் சத்தம் கேட்காமலிருக்கக் கதவுகளை அடைத்துக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் எடுத்துக் கொடுக்க, அவன் ஓட்டுக் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சத்தில் குப்பியைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தான். பிறகு பெருவிரல் நகத்தால் மேலிருந்து கீழாக நீவினான். பிறகு காதோரம் வைத்து ஒரு இரும்பு ஆணியால் தட்டினான். நல்ல குப்பி கிண்ணென்று பாடும். கீறல் விழுந்தது டொக்கென்று நிற்கும். டொக்கென்றதை அப்புறம் யோசிக்கவில்லை. பின்வாசல் துவைகல்லில் ஓங்கி அடித்து உடைத்தான். முதல் குப்பி உடையும்போது அழகியநாயகி காதைப் பொத்திக்கொண்டாள். பத்தாவதுக்குப் பொத்தவில்லை.

வேலை இரண்டு நாள் நீண்டது. இடையில் ராஜையன் கொடுத்த பழத்தைத் தின்றார்கள். பழங்கஞ்சியைக் கையோடு குடித்தார்கள். ஒரு குப்பியை அவள் திருப்பி வாங்கிப் பார்த்து, இது நல்லாத்தானே இருக்கு, கொல்லத்திலிருந்து வந்த புதுசுல்லா என்றாள். அவன் மறுபடியும் தட்டினான். கிண் என்ற சத்தத்துக்குள் எங்கோ ஒரு மெல்லிய கரகரப்பு. அவளுக்குக் கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டது. உடைத்தான். ஒவ்வொன்றும் விற்ற வயலின் ஒரு துண்டுதான். அது தெரிந்தும் உடைத்தான். அறுபத்துநாலு குப்பி போயிற்று. கண்ணாடித் துண்டுகளை ஓலைக் கடவத்தில் அள்ளி, வேலியோரம் ஆள் நடக்காத இடத்தில் முழங்கால் ஆழம் குழி தோண்டிப் புதைத்தான்.

இரண்டாம் நாள் மாலை தாணு வந்தார். விற்பனை தட்டிப்போன செய்தி அவருக்குப் போயிருந்தது. தம்பி அவரை உட்காரவைத்து, மாசியில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். தாணு வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். இவ்வளவும் செய்துவிட்டு இன்னும் இதையே கட்டிக்கொண்டு அழப்போகிறாயா என்றார். ஆமாம் என்றான். அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனார். கோபமாகப் போனாரா, வருத்தமாகப் போனாரா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் பகவதியப்பன் முகமூடியை மாட்டிக்கொண்டான். சாக்குத்துணியை அழகியநாயகி சுற்றிவிட்டாள். அவளைக் கிணற்றடிக்குப் போகச் சொல்லிவிட்டு முதல் குப்பியைப் பூட்டினான். கை நடுங்கியது. இத்தனை நாளும் இந்த நடுக்கம் நிற்கட்டும், நின்றதும் தொடங்கலாம் என்றுதான் காத்திருந்தான். நிற்காது என்று இப்போது தெரிந்தது. நடுங்கினால் நடுங்கட்டும், அது பாட்டுக்கு அது, என் பாட்டுக்கு நான் என்று சக்கரத்தைப் பிடித்தான். தலையைச் சாய்த்தான். தண்ணீர் சலம்பியது, கனத்தது, அடங்கியது. கை நின்றது. நடுங்கிக்கொண்டேதான் நின்றது.

பன்னிரண்டு குப்பி. இருபது டஜன் ஓடிய இடத்தில் வெறும் ஒரு டஜன். அழகியநாயகி இரண்டு மாதமாக மனதில் வைத்திருந்த ஒன்றை அன்று செய்தாள். இஞ்சியைச் சதைத்துப் பிழிந்து, பாகில் கலந்து, நான்கு குப்பிக்கு மட்டும் ஊற்றியிருந்தாள். அதுவரை அவர்கள் எலுமிச்சைக்கும் பன்னீருக்கும் மேலே போனதில்லை. பெட்டியைச் சாய்ப்பில் வைத்தார்கள். பகவதியப்பன் முகமூடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். பூக்கூடைகள் போய்விட்ட நேரம். ரோட்டில் ஈரமும் இலைகளுமாகக் கிடந்தது. அவன் கண்ணை மூடிப் பார்த்தான். சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. குமிழ் எதுவும் கிளம்பவில்லை. எப்போது நின்றது என்று நினைவில்லை.

ஒரு லாரி வந்து நின்றது. திருநெல்வேலிக்குச் சுண்ணாம்புச் சிப்பி ஏற்றிப்போகிற லாரி. டிரைவர் இறங்கி, வயிற்றைத் தடவிக்கொண்டு, பொருமுகிறது, ஏதாவது காரமாகக் கொடும் என்றான். இதுவரை அந்தப் பக்கம் வந்திராத ஆள். கடைக்காரனின் கண்ணையோ கடையையோ அவன் பார்க்கவே இல்லை. பகவதியப்பன் ஒரு இஞ்சிச் சோடாவை எடுத்துக் கோலியைத் தட்டினான். சீறிக்கொண்டு உள்ளே போயிற்று. டிரைவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். குப்பியைத் திருப்பிக் கொடுத்தான். பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு நெஞ்சை நீவிக்கொண்டான்.

"காத்து நல்லா ஏறியிருக்கு அண்ணாச்சி. இஞ்சிதான் பத்தல்ல. நெஞ்சைப் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான்.

பகவதியப்பன் வெறுங்குப்பியோடு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். லாரி கணவாய்ப் பக்கம் திரும்பி மறைந்தது.

"என்ன சொல்லிட்டுப் போறான்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் அழகியநாயகி.

"இஞ்சி பத்தல்லையாம் பிள்ளே."

"அவனுக்கு நாக்கு செத்துப்போயிருக்கும்" என்றாள். சற்றுப் பொறுத்து, அம்மியில் இஞ்சி சதைபடுகிற சத்தம் கேட்டது.